போக்குவரத்துப் பணியாளர் – பயணி தாக்குதல் வழக்குகளில் தண்டனை (இந்தியா)

போக்குவரத்துப் பணியாளர் – பயணி தாக்குதல் வழக்கு என்பது பேருந்து, தொடர்வண்டி, தானி போன்ற ஊர்திகளில் பணிபுரிவோரைப் பயணிகளோ, பயணிகளைப் பணிபுரிவோரோ தாக்குவதால் எழும் குற்ற வழக்கு ஆகும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2024 சூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் (1860), அந்நாள் முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா (2023) ஆகியவற்றின் பொதுவான பிரிவுகளே பயன்படுகின்றன. தாக்கப்பட்டவர் சட்டத்தின் பார்வையில் "பொது ஊழியர்" ஆவாரா என்பதே இவ்வழக்குகளில் தண்டனையின் அளவைப் பெரிதும் முடிவு செய்கிறது. இதனால் ஒரே மாதிரியான அடிக்கு, அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதைப் பொறுத்து மிகவும் வேறுபட்ட விளைவுகள் ஏற்படுகின்றன.

பின்னணி

பேருந்துத் தகராறுகள் பெரும்பாலும் சிறு காரணங்களில் தொடங்குகின்றன. சில்லறை இல்லாமை, நிறுத்தத்தில் நிற்காமல் செல்லுதல், படிக்கட்டில் தொங்கியபடி பயணம் செய்தல், பயணச்சீட்டு எடுக்க மறுத்தல், குடிபோதை, சுமைக்குக் கட்டணம் கேட்டல், முந்திச் செல்வதில் இருசக்கர ஊர்தி ஓட்டிகளுடன் ஏற்படும் பூசல் ஆகியவை வழக்கமாகக் காணப்படுபவை. பணியாளர் தனியாகவோ இருவராகவோ இருக்க, எதிரில் ஒரு கூட்டமே இருக்கும். ஓட்டுநர் தாக்கப்படும்போது அவரது கைகள் சக்கரத்தில் இருக்கின்றன. அவர் நிலைதடுமாறினால் பேருந்தில் உள்ள அனைவரும், சாலையில் செல்வோரும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். மறுபுறம், பயணியோ ஓடும் ஊர்தியில் அகப்பட்டவர். இறங்கிப்போக நினைத்தாலும் கதவும் நிறுத்தமும் பணியாளரின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆகவே இருதரப்பும் ஏதோ ஒரு வகையில் மற்றவரின் கையில் உள்ளன என்று கூறலாம். சட்டம் இவற்றுள் ஒரு தரப்பின் நிலையை மட்டுமே வெளிப்படையாகக் கருத்தில் கொள்கிறது.

பொது ஊழியர் என்னும் தகுதி

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 21ஆம் பிரிவும், அதற்கு ஈடான பாரதிய நியாய சன்ஹிதாவின் 2(28)ஆம் பிரிவும் பொது ஊழியர் யார் என்பதை வரையறுக்கின்றன. அரசிடம் நேரடியாக ஊதியம் பெறுவோர் மட்டுமின்றி, சட்டத்தின் வழி அமைக்கப்பட்ட கழகங்களிலும் அரசு நிறுமங்களிலும் பணிபுரிவோரும் இதில் அடங்குவர்.

இந்த வேறுபாடு மாநிலத்துக்கு மாநிலம் சுவையான முறையில் அமைந்துள்ளது. கர்நாடகம், கேரளம் முதலிய மாநிலங்களின் போக்குவரத்துக் கழகங்கள் 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தின்படி அமைந்தவை. அச்சட்டத்தின் 43ஆம் பிரிவே அவற்றின் பணியாளர்களைப் பொது ஊழியர்களாகக் கொள்ள வேண்டும் என்று கூறிவிடுகிறது. தமிழ்நாட்டில் நிலை வேறு. 1972இல் தொடங்கப்பட்ட பல்லவன் போக்குவரத்துக் கழகம் முதல் இன்றுள்ள எட்டுக் கழகங்கள் வரை அனைத்தும் நிறுமச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட அரசு நிறுமங்கள். பெயரில் "கழகம்" என்றிருப்பினும் அவை மேற்கண்ட 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தவை அல்ல. இவற்றின் ஓட்டுநரும் நடத்துநரும் "அரசு நிறுமத்தின் பணியில் அல்லது ஊதியத்தில் உள்ளவர்" என்ற சொற்றொடரின் வழியாகவே பொது ஊழியர் ஆகின்றனர். இறுதி விளைவு ஒன்றே.

தனியார் பேருந்தின் நடத்துநர், தானி ஓட்டுநர், வாடகைச் சிற்றுந்து ஓட்டுநர் ஆகியோர் இவ்வரையறைக்குள் வருவதில்லை. ஒரே வழித்தடத்தில் முன்னும் பின்னும் செல்லும் அரசுப் பேருந்து, தனியார் பேருந்து ஆகிய இரண்டின் நடத்துநர்களையும் ஒரே பயணி ஒரே விதமாக அறைந்தால், ஒரு வழக்கில் பிணையில் விடத்தகாத குற்றமும், மற்றொன்றில் காவலர் நீதிமன்ற ஆணையின்றிப் புலன்விசாரணைகூட மேற்கொள்ள இயலாத குற்றமும் ஆகும்.

ஒப்பந்த முறை இதில் ஒரு புதிய சிக்கலைச் சேர்த்துள்ளது. சென்னையில் 2025 சூன் இறுதியில் இயக்கத்துக்கு வந்த மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவர். ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தால் அமர்த்தப்பட்டவர். ஒரே பேருந்தில் பின்பக்கம் இருப்பவர் ஐயமின்றிப் பொது ஊழியர். முன்பக்கம் இருப்பவர் அரசு நிறுமத்தின் "பணியில்" உள்ளவரா என்பது வாதத்துக்கு உரியது. அதிக ஆபத்தான இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கே பாதுகாப்பு ஐயத்துக்கு இடமாக இருப்பது குறிப்பிடத்தக்கது.

குற்றங்களும் தண்டனை வரம்பும்

பணியில் உள்ள அரசுப் பேருந்துப் பணியாளரைத் தள்ளுதல், சட்டையைப் பிடித்து இழுத்தல் போன்ற, காயம் ஏற்படாத செயல்கள் பழைய சட்டத்தின் 353ஆம் பிரிவில் வந்தன. உயர் அளவு தண்டனை 2 ஆண்டுச் சிறை. புதிய சட்டத்தில் இது 132ஆம் பிரிவு, தண்டனை மாறவில்லை. காயம் ஏற்பட்டால் பழைய 332ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். புதிய சட்டத்தின் 121(1)ஆம் பிரிவு இதனை 5 ஆண்டுகளாக உயர்த்தியுள்ளது. கொடுங்காயமாயின் (எலும்பு முறிவு, பல் உடைதல், பார்வை இழப்பு முதலியன) பழைய 333ஆம் பிரிவில் 10 ஆண்டுகள் வரை என மட்டும் இருந்தது; புதிய 121(2)ஆம் பிரிவு ஓராண்டு என்ற குறைந்த அளவையும் விதிக்கிறது. 121, 132 ஆகிய இரு பிரிவுகளின் குற்றங்களும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை, பிணையில் விடத்தகாதவை.

பொது ஊழியர் அல்லாதவரைத் தாக்கினால் நிலை வேறு. சாதாரணக் காயத்துக்குப் பழைய 323ஆம் பிரிவில் ஓராண்டுச் சிறை அல்லது 1,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் என்றிருந்தது. புதிய 115(2)ஆம் பிரிவு தண்டத்தை மட்டும் 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஆபத்தான கருவியால் காயப்படுத்துதல் (பழைய 324, புதிய 118(1)) 3 ஆண்டுகள் வரை சிறைக்கு உரியது. இவற்றுடன் இழிசொல் பேசுதல், வழிமறித்தல், மிரட்டுதல் ஆகிய குற்றங்களும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கப்படுவது காவல் நிலையங்களின் வழக்கம். பெண் நடத்துநரின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் தாக்கினால் புதிய சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஓராண்டுக்குக் குறையாத, 5 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை உண்டு.

பேருந்தின் கண்ணாடியை உடைத்தல் தனிக் குற்றமாகும். இதற்குத் தமிழ்நாடு சொத்து (சேதம் மற்றும் இழப்பு தடுப்பு) சட்டம், 1992 பயன்படுத்தப்படுகிறது. இச்சட்டம் பொதுவாக ஓராண்டு என்னும் குறைந்த அளவு சிறைத்தண்டனையைக் கொண்டது. 2024 வரை நடத்துநரின் பல்லை உடைப்பதற்குக் குறைந்த அளவு தண்டனை இல்லாதிருக்க, பேருந்தின் கண்ணாடியை உடைப்பதற்கு இருந்தது என்ற முரண் இதனால் நிலவியது.

குடிபோதையில் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடப்பதற்குப் பழைய சட்டம் விதித்த உயர் அளவு தண்டம் 10 ரூபாய் மட்டுமே. 1860ஆம் ஆண்டின் தொகை கடைசிவரை மாற்றப்படவேயில்லை. புதிய சட்டம் இதனை 1,000 ரூபாயாக்கி, சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்துள்ளது. எனினும் தாக்குதல் குற்றங்களுக்குச் சமூக சேவை தண்டனையாக அமைக்கப்படவில்லை.

தண்டனை உயர்வு முன்னர் நடந்த குற்றங்களுக்குப் பொருந்தாது. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டம் அனுமதித்ததைவிட அதிகத் தண்டனை விதிப்பதை அரசியலமைப்பின் 20(1)ஆம் உறுப்பு தடை செய்கிறது. ஆகவே 2023இல் நடந்த தாக்குதலுக்கான தீர்ப்பு எந்த ஆண்டில் வந்தாலும் பழைய வரம்பே பொருந்தும்.

"கடமை" என்பதன் எல்லை

பொது ஊழியர் என்பதால் மட்டும் கடும் பிரிவு பொருந்திவிடாது. தாக்குதல் அவர் கடமையாற்றும்போது நடந்திருக்க வேண்டும். அல்லது கடமையைச் செய்யவிடாமல் தடுக்கும் நோக்கில் நடந்திருக்க வேண்டும். அல்லது அவர் முறையாகச் செய்த கடமையின் விளைவாக நடந்திருக்க வேண்டும். காலையில் பயணச்சீட்டு இல்லாதவரை இறக்கிவிட்ட நடத்துநரை மாலையில் அவர் வீட்டு வாயிலில் வைத்து அடித்தாலும் இது பொருந்தும். மாறாக, பணி முடிந்து தேநீர்க் கடையில் சொந்தக் காரணத்துக்காக ஏற்பட்ட கைகலப்பில் சீருடை மட்டும் பணியாளரைப் பொது ஊழியர் ஆக்குவதில்லை.

நடத்துநரே முதலில் கைநீட்டினார் என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம் ஆகும். பயணியை அடிப்பது கடமையின் பகுதி அன்று. ஆகவே அதன்பின் பயணி திருப்பி அடித்தது கடமையைத் தடுத்த செயலாகாது, தற்காப்பு என்று வாதிடப்படும். நல்லெண்ணத்துடன் பதவியின் பெயரால் செயல்படும் பொது ஊழியருக்கு எதிராகத் தற்காப்புரிமை இல்லை என்பது ஒரு பொது விதி (பழைய 99, புதிய 37). உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் ஏற்பட்டால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. அறைவதை நல்லெண்ணச் செயல் என நிறுவுவது எளிதன்று என்பதால் இவ்விதி பணியாளருக்கு அதிகம் உதவுவதில்லை.

சான்று திரட்டுவதே நடைமுறையில் பெரும் இடர்ப்பாடு. பணியில் இருந்தார் என்பதை வே-பில் எனப்படும் பயணச்சீட்டுக் கணக்குத் தாளும் பணிமனைப் பதிவேடும் காட்டிவிடும். காயத்தை அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு காட்டும். ஆனால் நேரில் கண்டவர்கள் பயணிகள். அவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுகின்றனர். ஓட்டுநர் நடத்துநருக்கும், நடத்துநர் ஓட்டுநருக்கும் சாட்சியாக, வழக்கு சில நேரங்களில் அவ்விருவரின் வாய்மொழியை மட்டும் சார்ந்து நிற்கிறது. காயம்பட்டவரின் சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை எடுத்துரைத்த கோட்பாடு. பேருந்துகளில் கண்காணிப்புக் கருவிகளும் பயணிகளின் கைபேசிப் பதிவுகளும் பெருகியபின் இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது.

தண்டனை அளவை முடிவு செய்தல்

இந்தியாவில் தண்டனை அளவுக்கான எழுத்து வடிவ வழிகாட்டு நெறிகள் இல்லை. நீதியரசர் மளிமத் தலைமையிலான குழு 2003இல் இத்தகைய நெறிகளை வகுக்கச் சட்டப்பூர்வக் குழு ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தது, அது நிறைவேறவில்லை. ஆதலால் வரம்புக்குள் எவ்வளவு என்பது நடுவரின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது.

முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் விதிக்கக்கூடிய உயர் அளவு சிறைத்தண்டனை 3 ஆண்டுகள். தலைமை நீதித்துறை நடுவருக்கு அது 7 ஆண்டுகள். 121(1)ஆம் பிரிவில் 5 ஆண்டுகள் வரை இருந்தாலும் வழக்கை நடத்தும் முதல் வகுப்பு நடுவர் தம் அதிகாரத்துக்கு மேல் விதிக்க இயலாது. நடுவர் நீதிமன்ற வழக்குகளில் உயர் அளவு தண்டனை அரிதாகவே விதிக்கப்படுகிறது. தண்டம் மட்டும் விதித்தல், "நீதிமன்றம் கலையும் வரை சிறை" என்னும் பெயரளவுத் தண்டனை, சில மாதச் சிறை ஆகியவை முடிவுகளாக அமைவதுண்டு.

தண்டனையைக் கூட்டும் காரணிகளாக ஓடும் ஊர்தியில் ஓட்டுநரைத் தாக்குதல், பலர் சேர்ந்து தாக்குதல், கருவி பயன்படுத்துதல், தலை, கண் போன்ற இடங்களில் அடித்தல், முன்குற்றம் ஆகியவை கொள்ளப்படுகின்றன. திடீர்ச் சினம், காயத்தின் சிறுமை, இளம் வயது, வழக்கு பல்லாண்டு நீண்டமை ஆகியவை குறைக்கும் காரணிகள். குடித்திருந்தேன் என்பது, தானே விரும்பிக் குடித்தவருக்குக் குற்றத்திலிருந்து விலக்கு அளிப்பதில்லை.

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 இவ்வழக்குகளில் முக்கிய இடம் பெறுகிறது. இதன் 4ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் செய்தவரை நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கலாம். 21 வயதுக்கு உட்பட்டவராயின் 6ஆம் பிரிவு மேலும் ஒரு படி செல்கிறது: நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று, சிறை தவிர வேறு வழியில்லை என்பதற்குக் காரணம் எழுதினாலன்றி நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது. பேருந்துத் தகராறுகளில் சிக்கும் கல்லூரி மாணவர்கள் பலருக்கு இப்பிரிவு பொருந்தும். இதன் 12ஆம் பிரிவு, இவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு ஏற்படாது என்கிறது. ஆயினும் அரசுப் பணிக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் வழக்கு விவரத்தை மறைத்தல் தனிச் சிக்கலை உண்டாக்கும்.

தாக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு (பழைய நடைமுறைச் சட்டத்தில் 357, புதியதில் 395). பல நாள் பணிக்குச் செல்ல இயலாத பணியாளருக்குச் சிறைத்தண்டனையைவிட இதுவே பயன் தரும் எனினும், இவ்வதிகாரம் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது உச்ச நீதிமன்றமே குறிப்பிட்ட குறை ஆகும்.

சமரசம்

சாதாரணக் காயக் குற்றத்தை அடிபட்டவர் விரும்பினால் நீதிமன்ற அனுமதியின்றியே சமரசம் செய்துகொள்ளலாம். பொது ஊழியரைத் தாக்கிய குற்றம் அவ்வாறன்று. அடிபட்ட நடத்துநர் மன்னித்தாலும் வழக்கு முடியாது. குற்றம் அவருக்கு எதிரானது மட்டுமன்று, பொதுப்பணிக்கும் எதிரானது என்பது இதன் அடிப்படை. இத்தகைய வழக்குகளை முடிக்க விரும்புவோர் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை (பழைய 482, புதிய 528) நாடுகின்றனர். உச்ச நீதிமன்றம் 2012இல் வகுத்த நெறியின்படி, தனிப்பட்ட தன்மை மேலோங்கிய குற்றங்களைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் நீக்கலாம். கடும் குற்றங்களில் கூடாது. சில்லறைத் தகராறு எந்தப் பக்கம் சாரும் என்பதில் நீதிமன்றங்களிடையே ஒருமித்த போக்கு இல்லை.

பயணியைப் பணியாளர் தாக்குதல்

அரசுப் பேருந்தின் நடத்துநர் பயணியை அடித்தால் பொருந்துவது சாதாரணக் காயத்துக்கான பிரிவே. தாக்கியவர் பொது ஊழியர் என்பது இப்பிரிவில் தண்டனையைக் கூட்டுவதில்லை. இக்குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது அன்று, பிணையில் விடத்தக்கது. காவல் நிலையத்தில் மனுவுக்கு இரசீது மட்டும் கொடுத்து, நீதிமன்றத்தை அணுகுமாறு பயணியை அனுப்பிவிடலாம். இருதரப்பும் ஒருவர்மீது ஒருவர் புகார் அளிக்கும் வழக்குகளில் இந்த ஏற்றத்தாழ்வு கூர்மையாக வெளிப்படுகிறது: பயணி பிணைக்காக நீதிமன்றத்துக்கு அலைய, பணியாளர் நிலையப் பிணையில் வீடு திரும்புகிறார். தம்மீதான புகாரைத் திரும்பப் பெறச்செய்ய, பயணிமீது கடும் பிரிவில் எதிர்ப்புகார் அளிக்கப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுவதற்கு இவ்வமைப்பே இடந்தருகிறது.

அதே வேளையில், பணியாளருக்கு ஒரு முக்கியமான கவசம் இல்லை. அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்னும் விதி (பழைய 197, புதிய 218) அரசு நிறுமப் பணியாளருக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. எனவே அவர் தாக்கப்படும்போது பொது ஊழியர்; தாக்கும்போது அனுமதியின்றியே வழக்குக்கு உட்பட வேண்டியவர்.

பணியாளரைப் பொறுத்தவரை நீதிமன்றத் தண்டனையைவிடத் துறை நடவடிக்கையே கடுமையானது. தற்காலிகப் பணிநீக்கம், ஊதிய உயர்வு நிறுத்தம், பணிநீக்கம் ஆகியவை கழகங்களின் நிலையாணைகளின்படி விதிக்கப்படுகின்றன. மோட்டார் ஊர்திகள் சட்டம், 1988இன் 34ஆம் பிரிவின்படி நடத்துநர் உரிமத்தை ஓராண்டு வரை செயலிழக்கச் செய்யலாம். குற்ற வழக்கில் ஐயத்தின் பலனால் விடுதலை பெற்றாலும் துறைத் தண்டனை தானாக நீங்குவதில்லை; இரண்டிலும் நிறுவ வேண்டிய சான்றின் அளவு வேறு.

பயணிகளுக்கு இடையிலான தொல்லையிலும் பணியாளருக்குப் பொறுப்பு உண்டு. தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான தொல்லைகள் தடைச் சட்டம், 1998இன்படி, ஊர்தியில் ஒரு பெண் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறினால் ஓட்டுநரும் நடத்துநரும் ஊர்தியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தொடர்வண்டி

தொடர்வண்டிப் பணியாளர்கள் நடுவண் அரசு ஊழியர்கள் என்பதால் மேற்கண்ட பிரிவுகள் அவர்களுக்கு ஐயமின்றிப் பொருந்தும். இவற்றுடன் தொடர்வண்டிச் சட்டம், 1989இன் 146ஆம் பிரிவு, பணியாளரின் கடமையைத் தடுப்பதற்கு 6 மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கிறது. பயணிகளுக்கு ஆபத்து விளைவிக்கும் நோக்கில் ஓடும் வண்டிமீது கல் முதலியவற்றை எறிதல் 152ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனைக்கும் உரியது.

2024 ஏப்ரல் 2 அன்று கேரளத்தின் திருச்சூர் அருகே, பயணச்சீட்டு கேட்ட பரிசோதகர் ஒருவர் ஓடும் எர்ணாகுளம் – பாட்னா விரைவு வண்டியிலிருந்து பயணி ஒருவரால் தள்ளிவிடப்பட்டு உயிரிழந்தார். இத்தகைய நிகழ்வுகளில் கடமையைத் தடுத்தல் என்ற பிரிவுகள் பின்தள்ளப்பட்டு, கொலைக் குற்றமே முதன்மையாகிறது.

பிற நாடுகள்

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில் இச்சிக்கல் வேறு முறையில் அணுகப்படுகிறது. அங்குத் தனிக் குற்றம் உருவாக்கப்படாமல், சாதாரணக் காயக் குற்றத்துக்கே நீதிமன்றம் தண்டனையின் தொடக்க அளவை வகுத்தது. டாக்சி ஓட்டுநர் ஒருவர் பயணியால் தாக்கப்பட்ட வழக்கில் 2008இல் உயர் நீதிமன்ற நீதிபதி வி. கே. ராஜா, பொதுப் போக்குவரத்துப் பணியாளர்மீதான தாக்குதலுக்கு நான்கு வாரச் சிறையைத் தொடக்க அளவாகக் கொண்டார். தண்டம் மட்டும் போதாது என்பதே இதன் பொருள். ஓட்டுநர் தனியாகப் பணிபுரிவதும், யாரை ஏற்றுகிறோம் என்பதை முன்கூட்டி அறிய இயலாததும் இத்தகைய பாதுகாப்புக்கு அடிப்படையாயின. 2009இல், ஓட்டுநர் பயணியைத் தாக்கிய வழக்கு ஒன்றில் அதே அளவுகோல் மறுதிசையிலும் பொருந்தும் என அந்நீதிமன்றம் கூறியது. இந்தியச் சட்டத்தில் காணப்படாத இந்தச் சமன்பாடு கவனத்துக்குரியது. அங்குப் பொது ஊழியர் என்ற தகுதியைவிட, பயணத்தின்போது ஒருவரையொருவர் நம்பியிருக்கும் உறவே அளவுகோலுக்கு அடிப்படை. 2019இல் சாதாரணக் காயக் குற்றம் முழுமைக்கும் காயத்தின் கடுமையைக் கொண்டு மூன்று படிநிலைகள் வகுக்கப்பட்டன.

கனடா 2015இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, பாதிக்கப்பட்டவர் பணியிலிருந்த பொதுப் போக்குவரத்து இயக்குநர் என்பதைத் தண்டனையைக் கூட்டும் காரணியாக்கியது. டாக்சி ஓட்டுநர்களும் இதில் அடங்குவர். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022 முதல், பொதுமக்களுக்குச் சேவை செய்யும் எவரையும் தாக்குவது அத்தகைய காரணியாகும். பணி அரசினுடையதா தனியாருடையதா என்பது அங்குப் பொருட்டன்று. நியூ யார்க் மாநிலத்தில் பணியிலிருக்கும் பேருந்து, தொடர்வண்டி இயக்குநரை வேண்டுமென்றே காயப்படுத்துதல் 7 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம் ஆகும். இந்த எச்சரிக்கை அந்நகரப் பேருந்துகளில் பயணிகளின் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்கும்.